நாலாவது நட்டு

புதிதாக இறுக்கிய நட்டை ஒரு நாள் ஓடவிட்டு, மறுநாள் மீண்டும் இறுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ஒரு தடவை பலமாக முறுக்கிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரும்பும் கொஞ்சம் அமர்ந்து உட்கார வேண்டும், அதற்கு ஒரு நாள் பிடிக்கும்.

தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லித் தாள் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் புவான். மலாயில் சொன்னால் நான் நினைப்பதில் பாதிதான் வெளியே வரும். மொழிபெயர்க்கப்போகிறவருக்குச் சாமான்களின் பெயர் தெரியாமல் இருக்கலாம் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் ஹரோ என்பது டிராக்டரின் பின்னால் மாட்டுகிற கருவி. உழுத நிலத்தில் கிடக்கும் மண்கட்டிகளை உடைத்து நிலத்தை விதைப்புக்குத் தயாராக்கும். சோறு வடிக்கும் அண்டாவின் மூடி அளவுக்குக் குழிந்த இரும்புத் தட்டுகள், விளிம்பில் கத்தி மாதிரி கூர். என்னிடம் வாடிக்கையாக வந்த அய்யாவுவின் ஹரோவில் இருபது தட்டுகள். நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஐந்தையும் ஒரு சதுரக் கம்பியில் கோத்து, முனையில் ஒரு பெரிய நட்டைப் போட்டு நெருக்கியிருக்கும். ஐந்தும் ஒன்றாகச் சுழல வேண்டும். நட்டு தளர்ந்தால் தட்டுகள் கம்பியின் மேல் ஆடத் தொடங்கும். ஆட ஆட, தட்டின் நடுவே இருக்கும் சதுர ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிடும். பிறகு ஒருநாள் கம்பியே முறியும்.

ஆக, நாலு வரிசைக்கு நாலு நட்டு. நான் சொல்லப்போவது பின்பக்கம் இடது வரிசையில் இருக்கும் நாலாவது நட்டைப் பற்றி.

என் பெயர் சுகுமாறன். வயது ஐம்பத்தொன்பது. காப்பார் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்மண் பாதையின் கடைசியில் இருக்கும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். டிராக்டர், கலப்பை, ஹரோ, புல்வெட்டும் இயந்திரம் எல்லாம் அங்கே வரும். முன்பு என்னோடு இந்தோனேசியாக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நோய்க்காலத்தில் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பட்டறை முதலாளி தவ்கே திங்கள்கிழமை காலையில் வந்து அரை மணி நேரம் இருப்பார். மற்ற நாட்களில் நான் மட்டும்தான்.

தங்குவது பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைக்கு மேலே மூன்றாவது மாடி அறையில். காலையில் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவேன். கிள்ளானிலேயே அறை எடுக்கலாமே என்று நீங்கள் அன்று கேட்டீர்கள். ரயிலில் ஆட்கள் இருப்பார்கள், அதனால்தான்.

என் மனைவி மலர்விழி, மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் என்று சொல்லிப் பெர்த் போனாள். அது ஏழு வருடத்துக்கு முன்பு. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே பேரன் இருக்கிறான். ஒவ்வொரு நாள் காலையிலும் போனில் ஒரு பூவின் படமும் அதன் மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்ற எழுத்தும் வரும். அதே படத்தை அம்மா நாற்பது பேருக்கு அனுப்புகிறாள் என்று மகள் ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை ரயிலில் இருமினேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான் என்று அப்போது தெரிந்தது. எதிரே இருந்த பெண் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அய்யாவு முதலில் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதத்தில். காப்பார்க்காரர். என்னைவிட ஏழு வயது சின்னவர். சொந்த டிராக்டர் வைத்து, சோளமும் தர்ப்பூசணியும் போடுகிறவர்களுக்கு நிலம் தயார் செய்து கொடுப்பார். பட்டறை வாசலில் டிராக்டரை நிறுத்தி, இறங்காமலேயே கத்தினார்.

“அண்ணே, பின்னால தட்டு டான்ஸ் ஆடுது லா. கொஞ்சம் பாருங்க.”

நான் பார்த்தேன். நாலு நட்டும் தளர்ந்திருந்தன. ஸ்பேனரில் ஆறடிப் பைப்பை மாட்டி ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினேன். அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். போய் டீ குடித்துவிட்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. பேசத் தொடங்கினார்.

எங்காங் என்கிற இருவாட்சிப் பறவை ஒன்றைப் பற்றிச் சொன்னார். தினமும் காலையில் அவருடைய டிராக்டரின் பக்கக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்து, உள்ளே தெரியும் பறவைக்குப் பழம் ஊட்டப் பார்க்குமாம். கண்ணாடியெல்லாம் பப்பாளிக் கூழ். “பழைய காலுறைய மாட்டி மூடி வச்சேன் அண்ணே. காலுறையக் கழட்டிக் கீழ போட்டுட்டு மறுபடி ஊட்டுது. என்ன செய்யச் சொல்றீங்க?” தன் மகள் ஷாமினி ஈப்போவில் நர்சிங் படிப்பதைச் சொன்னார். தன் முழங்கால் வலியைச் சொன்னார். பிறகு திடீரென்று கேட்டார்.

“சாப்டீங்களா அண்ணே?”

“சாப்பிட்டேன்.”

“பொய் சொல்றீங்க. மூஞ்சி தெரியுது.” தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, இலையோடு பாதியைக் கிழித்து எனக்குக் கொடுத்தார்.

மறுநாள் ஒரு தடவை இறுக்க வேண்டும், கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். அன்றும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் நாலு நட்டையும் முறைப்படி இறுக்கி, பூட்டுத் தகட்டை மடித்து, பேரிங்குக்குக் கிரீஸ் அடித்து அனுப்பினேன். நல்ல வேலை. இந்த வட்டாரத்தில் அதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

அதன் பிறகு ஐந்து மாதம் அவர் வரவில்லை. வரவேண்டிய தேவை இல்லை. நான் சரியாகச் செய்ததால் அவர் வரவில்லை. இதை யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு பேரிங் போய்விட்டது என்று வந்தார். பேரிங்கை மாற்றினேன். மூன்று நட்டுகளை முழுதாக இறுக்கினேன். நாலாவதை முக்கால் சுற்று குறைவாக விட்டேன். பூட்டுத் தகட்டை ஒழுங்காக மடித்தேன். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. அன்று ஏதோ பெரிய காரியம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கதவைச் சாத்தாமல் விட்ட மாதிரிதான் இருந்தது.

பன்னிரண்டாவது நாள் வந்தார். “அண்ணே, திரும்பவும் ஆடுது.”

“மண்ணு அப்படி,” என்றேன். “மரவேர் நெறைய. அடிக்கடி பாத்துக்கணும்.”

“சரி லா. நீங்க சொன்னா சரிதான்.”

அரைச் சுற்று விட்டால் இரண்டு வாரம் தாங்கும். ஒரு சுற்று விட்டால் ஒரு வாரம். மழை பெய்து மண் இளகியிருந்தால் இன்னும் இரண்டு நாள் கூடும். கொஞ்ச நாளில் எனக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. அக்டோபரிலிருந்து அவர் சனிக்கிழமை காலையில் வரும்படி செய்துவிட்டேன். நான் கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வைத்திருப்பேன். அவருக்கு சம்பல் கூடுதலாக. பத்து மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்கும். வெள்ளிக்கிழமை இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

இதனால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது. நான் மறைக்கவில்லை. போன வருடம் நவம்பரில், மழைக்கு முன் சோளம் போடவேண்டிய அவசரத்தில், வயலின் நடுவே அந்தக் கம்பி முறிந்தது. நிலத்துக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு டிராக்டரைக் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த போகத்துக்கும் அந்த டிராக்டர்காரரையே வைத்துக்கொண்டார். டிசம்பரில், ஆடுகிற தட்டைக் கையால் பிடித்துப் பார்க்கும்போது அய்யாவுவின் உள்ளங்கை கிழிந்தது. கிளினிக்கில் ஏழு தையல். நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று பட்டறைக்குத் திரும்பி வந்து மூன்று மணி நேரம் இருந்தார்.

அந்த வருடத் தீபாவளிக்கு முந்தின வாரம் அவருடைய மனைவி நல்லம்மாளும் கூட வந்திருந்தார். ஒரு டப்பா நிறைய முறுக்கும் நெய் உருண்டையும் கொண்டுவந்தார்.

“இவரு வாயத் தொறந்தா சுகுமாறன் அண்ணன் பேச்சுதான்,” என்றார். “அந்த மெஷினுக்கு யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல. பத்துமலைக்குப் போய் வேண்டிக்கிட்டு வந்தேன். இந்தப் பழத்த அதுல கட்டட்டுமா அண்ணே?”

“கட்டுங்கம்மா,” என்றேன்.

சிவப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழத்தைக் கோத்து, சரியாக நாலாவது வரிசைக்கு மேலே கட்டினார். அதற்கடுத்த சனிக்கிழமைகளில் நான் பழத்தை அவிழ்த்துத் தனியாக வைத்துவிட்டு, நட்டை முறுக்கி, விடவேண்டியதை விட்டு, மறுபடி கட்டிவிடுவேன். அந்தம்மாவின் நம்பிக்கையை நான் ஒருநாளும் கேலியாக நினைத்ததில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றேன். அன்று காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டு, பிரிக்பீல்ட்ஸ் முனை வரைக்கும் நடந்தேன். தெரு முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குத் திரும்பிவிட்டேன். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பட்டறைக்கு வந்து உட்காரும்போது கையில் ஸ்பேனர் இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு வீட்டில் போய் எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அவர் வரவில்லை. ஒரு சுற்று குறைவாக விட்ட நட்டு மூன்று வாரம் தாங்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டாவது பொட்டலத்தைப் பட்டறை நாய்க்குப் போட்டேன். போன் செய்யலாம் என்று எடுத்து, என்ன காரணம் சொல்வது என்று யோசித்து, கீழே வைத்துவிட்டேன்.

நாலாவது சனிக்கிழமை, பத்து மணிக்கு, டிராக்டர் சத்தம் கேட்டது.

அவர் இறங்கி வந்தார். டயரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“அண்ணே, ஒரு விசயம். வண்டியையும் ஹரோவையும் வித்துட்டேன். திங்கக்கெழம பந்திங்லேருந்து ஆளு வந்து எடுத்துக்குவாங்க.”

“ஏன்?”

“இனிமே முடியல லா. நல்ல நெலமெல்லாம் கைய விட்டுப் போச்சு. போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் லோரி ஓட்ட ஆள் கேட்டாங்க, லைசன்ஸ் இருக்குல்ல, சரின்னுட்டேன். ஷிஃப்டு வேல. ஆனா ஹரோ இல்லாட்டியும் நான் வருவேன் அண்ணே. சனிக்கெழம லீவு கெடச்சா கண்டிப்பா வருவேன்.”

கெடச்சா என்றார். விமான நிலையத்தில் மலர்விழியும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாசம்தானே என்றாள். அவளும் அதை மனதார நினைத்துத்தான் சொன்னாள்.

நான் ஹரோவைச் சுற்றி வந்து பார்த்தேன். நாலாவது நட்டு முழுதாக இறுக்கப்பட்டிருந்தது. என் கைவேலை இல்லை. பூட்டுத் தகட்டை வேறு விதமாக மடித்திருந்தார்கள்.

“என் தங்கச்சி மகன் பிரவின் செஞ்சான்,” என்றார் அய்யாவு. “மெஷின் விக்கிற கம்பெனில இருக்கான். வீட்டுக்கு வந்தவன் சும்மா பாத்து இறுக்கிட்டுப் போனான்.”

“நல்லாச் செஞ்சிருக்கான்,” என்றேன்.

பின் வரிசைக் கம்பியில், தர்ப்பூசணி நிலத்தில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர் குனிந்து பார்ப்பார், அதை வெட்டி எடுத்துவிடுவோம் என்றேன். அது உண்மைதான். அய்யாவு டிராக்டரில் ஏறி ஹரோவை மேலே தூக்கினார். எஞ்சினை அணைக்காமலே இறங்கி, என் மேசையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டார்.

தூக்கி நிற்கிற ஹரோவின் அடியில் ஒருவர் போவதானால் முதலில் நாலு மூலைக்கும் மரக்கட்டை வைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். இருபத்தாறு வருடத்தில் அங்கே ஒருவருக்கும் விரல்கூட நசுங்கியதில்லை.

பின் கம்பி கைக்கு எட்டும்படி அவர் மல்லாந்து படுத்துக் கால்களை உள்ளே நகர்த்தும்போது கேட்டார்.

“கட்டை வச்சாச்சா அண்ணே?”

“வச்சாச்சு,” என்றேன்.

கட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன. நான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தபோது அவை எனக்கு நன்றாகத் தெரிந்தன.

அப்போது என்ன நினைத்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் நாலு நாளாகக் கேட்கிறீர்கள். நான் அவருடைய இடது காலை நினைத்தேன். அந்த லோரிகளில் கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். பாதத்தில் ஓர் எலும்பு முறிந்தால் ஆறு மாதம் லோரி ஓட்ட முடியாது. வீட்டில் இருப்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகலாம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போக ஒரு காரணம் இருக்கிறது, கையில் பையும் இருக்கிறது. எங்கே உட்காருவேன் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

பிறகு ஹரோவைத் தூக்கி இறக்கும் லிவரை இறக்கினேன். ஒரு சாண் இறங்கினால் போதும் என்று நினைத்தேன். அந்த டிராக்டரின் ஹைட்ராலிக் தேய்ந்துபோனது, நினைத்த இடத்தில் நிற்காது. அது எனக்குத் தெரியும். அதைக் கழற்றிப் பார்த்து அவருக்கே நான் சொல்லியிருக்கிறேன்.

மணி பத்து முப்பத்தைந்து. பின் வரிசை முழுதாக இறங்கி அவருடைய இரண்டு தொடைகளின் மேலும் நின்றது.

அவர் ஒரு தடவைதான் கத்தினார். பிறகு, “தூக்குங்க அண்ணே,” என்றார். ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லிவரை மேலே தள்ளினால் எட்டு வினாடியில் ஹரோ உயர்ந்துவிடும்.

நான் எஞ்சினை அணைத்தேன். அந்தச் சத்தத்தில் அவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை.

இறங்கிப் போய் அவர் தலைப்பக்கம் உட்கார்ந்தேன். ஒரு சாக்கை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். தூக்கினால் ரத்தம் அதிகமாகப் போகும், அழுத்தத்தில் இருப்பதே நல்லது என்று அவரிடம் சொன்னேன். எங்கோ அப்படிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அது முதலில் என் மனதில் வந்ததா, சொல்லும்போது வந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். பிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு வலி கொஞ்சம் மரத்துவிட்டது என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரவின் சொன்னான் அண்ணே.”

“என்ன சொன்னான்?”

“நாலாவது நட்ட யாரோ வேணும்னே விட்டு வச்சிருக்காங்கன்னு. பழைய பெயின்ட்டச் சொரண்டிக் காட்டுனான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “மொதல்ல கோவம் வந்துச்சு. மூணு வாரம் வரக்கூடாதுன்னே இருந்தேன். அப்புறம் நல்லம்மாகிட்ட சொன்னேன். அவதான் சொன்னா, அந்த மனுசன் ரெண்டு பொட்டலம் வாங்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு.”

நான் மூடியில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

“சும்மா ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே லா. எதுக்குண்ணே நட்டு?”

இப்படி யாரும் என்னிடம் பேசியதில்லை, புவான். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் சந்தோஷப்படுவது சரியில்லை என்று தெரிந்தும் இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று நினைத்தேன்.

“இப்ப தூக்குங்க அண்ணே,” என்றார். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்.”

அவர் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டார். நான் பயந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டார். எனக்குப் பயம் எதுவும் இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தையல் போட்ட கை. தழும்பு இன்னும் தடிப்பாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. நல்லம்மாள். நான் எடுத்துப் பேசினேன். அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறது, ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

“அடியில இருக்காரும்மா, கை எல்லாம் கிரீஸ்,” என்றேன்.

“சரிண்ணே, மெதுவா வரட்டும். நீங்களும் வாங்க சாப்புட. நண்டு வச்சிருக்கேன்.”

“வரேம்மா.”

அய்யாவு என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உதடு அசைந்தது. அவர் கத்தியிருக்கலாம் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அப்போது அவருக்குக் கத்துகிற அளவுக்குக் குரல் இல்லை. அதோடு நான் போனை அவரிடமிருந்து தள்ளித்தான் பிடித்திருந்தேன்.

பிறகு அவர் அதிகம் பேசவில்லை. நான் பேசினேன். மலர்விழியைப் பற்றி, பேரனைப் பற்றி, ரயிலில் இருமிய நாளைப் பற்றி. அந்த இரண்டு வருடத்தில் அவர்தான் பேசுவார், நான் கேட்பேன். அன்றுதான் முதல் தடவையாக என்னுடையதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டரைக்குப் பிறகு பதில் வரவில்லை. கையில் சூடு இருந்தது, அதனால் தொடர்ந்து சொன்னேன்.

ஒன்று இருபதுக்குத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதற்கு முன் டிராக்டரில் எண்ணெய் போகும் ஹைட்ராலிக் ஓஸ் குழாயைக் கத்தியால் கீறிவிட்டேன். கட்டைகளில் இரண்டை எடுத்துவந்து, சரிந்து விழுந்தது போலப் பக்கத்தில் போட்டேன். ஓஸ் வெடித்தது, கட்டை நழுவியது என்று முதல் நாள் நான் சொன்னது பொய். ஓஸ் வெடித்திருந்தால் ஓரம் பிய்ந்திருக்கும் என்று உங்கள் ஆள் சொன்னது சரி. அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது.

முதல் அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதை நேற்று படித்துக் காட்டினீர்கள். நான் அதை மறுக்கவில்லை. லிவரை இறக்கியது நான். தூக்காமல் இருந்தது நான். இரண்டே முக்கால் மணி நேரம், எட்டு வினாடி வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தது நான். அதைக் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

லாக்கப்பில் ஒன்றை யோசித்தேன். அன்று ஹரோவில் எந்த நட்டும் தளர்ந்திருக்கவில்லை. அவர் எல்லாம் தெரிந்துகொண்டு, சும்மாதான் என்னைப் பார்க்க வந்திருந்தார். அந்தக் காலையில் இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். அப்போதும் அவர் போகிறேன் என்றுதானே சொன்னார்.

நல்லம்மாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றும், ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறார் என்றும் சொன்னீர்கள். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எந்த மனைவியும் அதைத்தான் கேட்பாள். தயவுசெய்து இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கு ஆறுதலாக இருக்கும்: உங்கள் வீட்டுக்காரர் ஒரு நிமிடம்கூடத் தனியாக இல்லை, கடைசி வரைக்கும் சுகுமாறன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.